எட்டு முடிச்சு

வேலிக்கம்பி அறுந்தால்
இரு முனையிலும் வளையம் திருகி
ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து இழுப்பேன்.
எட்டு போல் நிற்கும் முடிச்சு.
சார்ல்வில்லுக்கு மேற்கே
நானூறு கிலோமீட்டர் செம்மண்ணில்
கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் சொல்வேன்
எது என் கை, எது கூலிக்கு வந்த பையன் கையென்று.

அதனால்தான் டாக்டர் பென்ஹாலிகனிடம் கேட்டேன்:
தண்டுவடம் என்கிறீர்கள்.
அறுந்தது வடம்தானே,
கட்டினால் ஆகாதா?

அவர் சிரிக்கவில்லை.
ஸ்கேனை என் பக்கம் திருப்பினார்.
ஏழு வருடத்துக்கு முன்
ஓடைக்கரையில் பைக் என் மேல் கவிழ்ந்த நிமிடம்
ஒரு வெளிறிய கறையாக அங்கேயே நின்றிருந்தது.
பெயரில்தான் வடம், மார்னி.
உள்ளே லட்சம் இழை.
ஒவ்வொன்றுக்கும் போகிற ஊர் வேறு.
நடுவில் தழும்பு
கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பிறகு தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.
மோப்பம் பிடிக்கும் நரம்பு
செத்துச் செத்து முளைக்குமாம், ஆயுசு முழுக்க.
முளைப்பதைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகவே
சில செல்கள் இருக்கின்றனவாம்.
அவற்றை அங்கிருந்து எடுத்து
இங்கே வைத்துப் பார்க்கிறோம்.
பார்க்கிறோம், அவ்வளவுதான்,
என்றார் இன்னொரு முறை.
அந்த இரண்டாவது முறைக்காகக் கையெழுத்துப் போட்டேன்.

ஒப்புதல் தாளில் பதினான்காம் பக்கம்:
எங்கோ ஒருத்திக்கு
முதுகுக்குள் சளி ஊறிக் கட்டியாயிற்றாம்.
தம்பி கொலம் அதை உரக்க வாசித்தான்.
'முதுகு தும்மினால் யார் வாழ்த்துவது?' என்றான்.
வெளியே போய்
மூன்று சிகரெட் முடியும்வரை திரும்பவில்லை.

எடுத்தது ஒரு மிளகளவு.
பிரிஸ்பேனில் யாரோ சுங்-ஹீ என்ற பெண்
கிறிஸ்துமஸ் அன்றும் வந்து
அவற்றுக்குத் தீனி மாற்றினாளாம்.
கைபேசியில் படம் காட்டினாள்.
பூட்ஸ் கயிற்றின் பிசிறு மாதிரி ஏதோ ஒன்று.
நானா இது, என்றேன்.
நீங்கள்தான், கொஞ்சம் பசியாக, என்றாள்.

அந்த மாதம் வறட்சி முறிந்தது.
இடது மூக்கு இன்னும் ஆறவில்லை.
மழை பாதிதான் மணத்தது.

வைத்துத் தைத்தார்கள்.
அப்புறம் பதினோரு மாதம்
ஃபெலெட்டி என் கால்களைப் பட்டையில் மாட்டி
அவனே நடந்தான் என்னை.
தஹா, உவா, தோலு.
டோங்கா மொழியில் பத்துவரை எனக்கு வந்துவிட்டது.
கால் வரவில்லை.
கொலம் வாரம் தவறாமல்
வாசலிலிருந்த என் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டான்.

ஆகஸ்டில் ஓர் இரவு.
வலியில்லை, கனவுமில்லை, விழிப்பு மட்டும்.
தொப்புளுக்குக் கீழே, எங்கோ ஆழத்தில்,
கேட்டுக்கு வெளியே ஆள் வந்து
கூப்பிடத் தயங்கி நிற்பது போல்
ஒரு கனம்.
அசையாமல் கிடந்தேன்.
அசைந்தால் போய்விடுமோ என்று.

ஏழு வருடமாய்
அலாரம் அடித்தால்தான் குழாய்.
நாலு மணிக்கு ஒருமுறை என் உடம்பைப் பற்றி
ஒரு கடிகாரம் எனக்குச் சொன்னது.

கொலம்!
ஓடி வந்தான், விழுந்துவிட்டாயா?
இல்லடா.
மூத்திரம் முட்டுது.
முட்டுறது தெரியுது.

எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றான்.
அவன் காத்திருந்த செய்தி
பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவதாக இருந்தது.
பிறகு தரையில் உட்கார்ந்து
என் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.
அது எனக்குத் தெரியவில்லை,
பார்த்துத்தான் தெரிந்தது.

செல்களாக இருக்கலாம், என்கிறார் பென்ஹாலிகன்.
ஃபெலெட்டியின் பட்டையாக இருக்கலாம்.
எதுவும் செய்யாமலே
வந்திருக்கவும் கூடும் ஒருவேளை.
அட்டவணையில் ஒரே ஒரு புள்ளி ஏறியிருக்கிறது.
என்ன தடவினாலும்
இந்த முடிச்சு யார் கையென்று
என்னால் சொல்ல முடியவில்லை.

ஆறு அலாரத்தில்
மூன்று மணிக்கானதை மட்டும்
நேற்று அணைத்துவிட்டுப் படுத்தேன்.